மூக்கால் பிடித்த பழுது

மருதனார்மடத்தில் கார் ஏசி திருத்தும் தியோடருக்குத் தன் மூக்கில் அபார நம்பிக்கை. கதவைத் திறந்து மோந்து பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார்.

போன மாதம் பருத்தித்துறையிலிருந்து யோகராணி, ஏசி போட்டால் நாறுகிறது என்று வந்தபோதும் அவர் எதையும் கழற்றவில்லை.

"கடற்கரை ஆக்களின்ரை கார் வேறை எப்பிடி மணக்கும்? இனி மீன் ஏத்தாதேங்கோ," என்றார், கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. சிலர் சிரித்தார்கள். தியோடரும்தான்.

இன்று யோகராணி மறுபடி வந்தார். நாற்றம் கூடியிருந்தது.

"நீங்கள் சொன்ன பிறகு ஒரு மீனும் ஏத்தேல்லை, அண்ணை. மகளுக்குக்கூட பஸ்ஸிலைதான் கொண்டுபோறன்."

வேறு வழியில்லாமல் தியோடர் டாஷ்போர்டில் சாமான் வைக்கும் லாச்சியைக் கழற்றி, பின்னாலிருந்த ஏசி பில்டரை இழுத்தார். அதோடு ஊறிப் பூஞ்சணம் பிடித்த நீலத் துணியொன்றும் வந்தது. அவர் கடையில் கை துடைக்கும் துணி. சித்திரையில் இதே காரைச் சேர்விஸ் செய்தபோது அவரே உள்ளே மறந்து விட்டது.

தியோடர் அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"மீன் செதிலோ, அண்ணை?" யோகராணி பயந்து பயந்து கேட்டார்.

"இல்லைத் தங்கச்சி. என்ரை துணி. பிழை என்னிலைதான்."

அன்று கடை முழுக்கக் கேட்கக் கதைத்தவர், இதை யோகராணிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.