ஒரு கொக்கும் மூன்று கருத்தும்

"ஏங்க, இது கொக்கா வாத்தா? கழுத்தப் பாத்தா கொக்கு, வயித்தப் பாத்தா வாத்து. மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க மேடம்!"

கத்தியவர் பேனர் வரையும் குமார். குடித்துக்கொண்டிருந்தது நான் போட்ட டீ. பீங்கான் ஜாடியில் படம் போடுகிறவர்களுக்குச் சூளையைவிடச் சக கலைஞர்கள்தான் சூடு. விருத்தாசலத்தில் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடி, ஒருவர் வேலையை ஒருவர் அலசுகிறோம். புதுச்சேரிக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு பொருள்தான் அனுப்பலாம். என் ஜாடி தேறாவிட்டால் பெயிண்டை மூட்டை கட்டிவிட்டு மேசையைச் சோற்றுக்கே விட்டுவிட வேண்டும் என்பது வீட்டுக்காரர் விதித்த நிபந்தனை. நாலு பேரிடம் காட்டிவிட்டு முழித்தவர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

முதலில் ஒரு நல்லது

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியம் சார் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். முதலில் ஒரு நல்லது, பிறகு ஒரு குறை. வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் சிவப்பு மையில் ஒரு சுழி சுழிப்பார். தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். இங்கே அந்தச் சுகம் கிடையாது. கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் வரும் செல்வியின் முறை. ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜாடியைச் செய்து கொடுத்ததே அவள்தான்.

"நல்லதுன்னு சொல்லணும்னா, ஜாடி ஆடாம நிக்குதுக்கா."

சோகை பிடித்த நீலம்

குமாருக்காகக் கொக்கின் வயிற்றைத் துடைத்து இளைக்க வைத்தேன். அடுத்த வாரம் சார், கொக்கு பட்டினி கிடப்பதாகச் சொன்னார். நீலத்துக்கும் சோகையாம். சுடுவதற்கு முன் எங்கள் நீலம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்; நெருப்பில் வெந்துதான் நீலமாகும். எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். ஆனாலும் மாஸ்டர் சொல்கிறாரே என்று இன்னும் இரண்டு பூச்சு ஏற்றினேன். வாயைத் திறக்காமல் இருந்து இருந்து மூளையும் மூடிக்கொண்டது போலிருக்கிறது. சூளையிலிருந்து பறவை கன்னங்கரேலென்று வந்தது. குமாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இப்பதான் மேடம் தெளிவா இருக்குது. காக்கா!"

கருப்பில் ஆழம்

சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். கருப்பில் ஏதோ ஆழம் தெரிகிறதாம், இதையே அனுப்பலாமாம். செல்வியோ வெறும் ஜாடியாக அனுப்பினாலே அழகு என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூச்சை ஏற்றச் சொன்னது யார் என்று சட்டத்தை மீறிக் கேட்டே விட்டேன்.

"நான் சொன்னேன்மா. நீ கேப்பேன்னு யாரு கண்டா?"

நேற்று

யார் பேச்சையும் கேட்காமல் இன்னொரு ஜாடியில் கொக்கு வரைந்து, சுட்டும் எடுத்துவிட்டேன். வயிறு உண்டு, நீலமும் உண்டு. காக்கை பக்கத்திலேயே நிற்கிறது. பார்க்கப் பார்க்க எது தேவலை என்று எனக்கே புரியவில்லை. விடிந்தால் பார்சல் கட்ட வேண்டும். இரண்டையும் மூவருக்கும் நடுவில் வைத்தேன்.

"நல்லதும் வேணாம், குறையும் வேணாம். எத அனுப்பட்டும்? ஒருத்தராவது வெரல நீட்டிக் காட்டுங்க."

கேட்காதபோதெல்லாம் கருத்து மழை பொழிந்தவர்களுக்கு, கேட்டவுடன் டீ ஆறிப்போகும் என்ற கவலை வந்து, மூன்று டம்ளரும் ஒரே சமயத்தில் வாய்க்குப் போயின.