மஞ்சீத்தின் அப்பாவை வழியனுப்பக் கிரான்பர்ன் போனோம்

2012 ஆகஸ்டில் நான் மெல்பர்ன் போனது ஊர் சுற்ற அல்ல. என்னோடு சிட்னியில் நர்சிங் படித்த மஞ்சீத்தின் அப்பா, மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னில் காலமாகிவிட்டார். எண்பத்தாறு வயது. மதியம் சாப்பிட்டுவிட்டு, சோபாவில் கிரிக்கெட் பார்த்தபடியே போய்விட்டார். சீக்கியர் வீட்டுச் சாவுக்கு நான் அதுவரை போனதில்லை. உங்களில் யாராவது அப்படிப் போக நேர்ந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி விமானம், ஒருவழிக் கட்டணம் 89 டாலர். அழைத்துப் போக சிவா அங்கிள் வந்திருந்தார். ரோவிலில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் குடும்ப நண்பர். என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தானும் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை.

"எரிச்சுப்போட்டு நேர குருத்வாராவில சாப்பாடாம். குளிக்காமல் எப்பிடிப் பிள்ளை சாப்பிடுறது?"

"நீங்க டீ மட்டும் குடிங்க அங்கிள்."

"அதுக்கும் குளிக்கத்தானே வேணும்."

தகன மண்டபத்தில் எல்லோரும் தலையை மூடியிருக்க வேண்டும். நான் துப்பட்டா கொண்டுபோயிருந்தேன். அங்கிளுக்கு வாசலில் ஒரு காவித் துணி கொடுத்தார்கள். பெரியவரைக் குளிப்பாட்டி, தலைப்பாகை கட்டி, கையில் இரும்புக் காப்போடு பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஒப்பாரி கிடையாது. மெல்லிய குரலில் பிரார்த்தனை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தகனத்தைத் தொடங்கப் பொத்தானை அழுத்த வேண்டும். மஞ்சீத்தின் அண்ணன் பஞ்சாபில் இருக்கிறார்; விசா வந்து சேரவில்லை. "நம் வீட்டுப் பையன் யாராவது அழுத்தட்டும்" என்றார் ஒரு சித்தப்பா. மஞ்சீத் தலை குனிந்து நின்றாள். ஐந்து வருடமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பிரார்த்தனையை நடத்திய கிரந்தியிடம் கேட்டார்கள். "மகனா மகளா என்று பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை" என்றார் அவர். அதற்குள் மஞ்சீத்தின் அம்மா எழுந்து, மகளின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போய்விட்டார். சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் அழுத்தியபோது எல்லோரும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை சொன்னார்கள். "சாவுக்கென்றே தனிப் பாட்டா?" என்று பிறகு மஞ்சீத்திடம் கேட்டேன். "இல்லை. தினமும் ராத்திரி படுக்குமுன் சொல்வதுதான். சின்ன வயதில் அப்பா இதைச் சொல்லித்தான் எங்களைத் தூங்கவைப்பார்" என்றாள்.

அங்கிருந்து குருத்வாரா பத்து நிமிடம். புனித நூல் வாசிப்பு முடிந்ததும் இரண்டு கைகளையும் ஏந்தி நெய் ஒழுகும் கோதுமை அல்வா வாங்கினோம். அங்கிள் குழாயடியில் முகம், கை, கால், கழுத்து என்று வெகுநேரம் கழுவினார். பிறகு என் பக்கத்தில் சம்மணமிட்டு மூன்று ரொட்டி சாப்பிட்டார்.

"ஓம், பருப்பு நல்லாத்தான் இருக்கு" என்றவர், சற்று நேரத்தில் சமையலறையில் ரொட்டி தேய்க்க உட்கார்ந்துவிட்டார். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

அன்றிரவு மஞ்சீத் வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் முணுமுணுப்புக் கேட்டு எழுந்து போனால், அம்மா குளித்துவிட்டு வழக்கமான காலைப் பிரார்த்தனையில் இருந்தார். அதுவரை கணவரும் அவரும் சேர்ந்து சொல்வார்களாம். காலி இடத்தில் மஞ்சீத் போய் உட்கார்ந்தாள். பாதியில் அவளுக்கு வரிகள் குழம்பின. அம்மா நிறுத்தித் திருத்தினார். மறுபடி தப்பாகச் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அவளுக்கும். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தலைக்குத் துணி எடுத்துப் போங்கள். எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போடுங்கள். சிகரெட், மது எதுவும் பையில் வேண்டாம். என்ன சொல்லித் துக்கம் கேட்பது என்று நான் விமானப் பயணம் முழுக்க யோசித்தேன். அங்கே யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்தேன். அது போதுமாக இருந்தது.