நசுங்காத சினை

அமுதவல்லிக்குக் கோபம் வந்தால் பழவேற்காட்டுப் படகுத்துறையே வாயை மூடிக்கொள்ளும். கோபம் வராத நாளும் குறைவுதான். ஏரித் தண்ணீரில் கழுத்தளவு முங்க உட்கார்ந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பல்லில் கயிறு இருக்கிற நேரம்தான் ஊருக்கு நிம்மதி என்று அவள் புருஷன் தேசப்பனே கேலி செய்வான்.

கரையேறியதும் பறியை ஈரத்துணியில் கவிழ்ப்பாள். இறாலைப் பொறுக்கிய பிறகு மிஞ்சுகிற பாசியில் மீன் சினை ஒட்டியிருந்தால், அதை ஏரிக்கே திருப்பிவிட வேண்டும். அவள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அது வழக்கம். துணியை அலசி, "போய்ப் பொழச்சிக்க" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பாள்.

கொஞ்ச காலமாகத் துணியில் சினை கூடிக்கொண்டே வந்தது. வெள்ளையாக, கடுகைவிடப் பொடியாக. மீனோ குறைந்துகொண்டு போனது. இவ்வளவு சினை இருந்தும் மீனில்லையே, எந்தப் பாவி கண் வைத்தான் என்று திட்டிக்கொண்டே அத்தனையையும் பத்திரமாகத் தண்ணீரில் விட்டாள்.

மகள் ஐஸ்வர்யா பொன்னேரியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை செய்கிறாள். அவள் வாங்கிவரும் ஸ்க்ரப் டியூப்பைத்தான் துறைப் பெண்கள் பாதிப்பேர் கவிச்சி போக முகத்தில் தேய்த்து, துறையிலேயே கழுவுகிறார்கள். அமுதவல்லிக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மகள் வற்புறுத்தியதால் தேய்த்தாள். கழுவும்போது உள்ளங்கையில் மிஞ்சி நின்றது அதே சினை. நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

டியூப்பின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்து, போனிலும் தேடிப் பார்த்த மகள், பிளாஸ்டிக் என்றாள். சில நாடுகளில் தடையே போட்டுவிட்டார்களாம். இங்கேயும் ஆகாது என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்களாம். கடைக்கு வந்து பார்க்கத்தான் ஆளில்லை. அமுதவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பொன்னேரிக் கடையில் போய் நின்றாள். முதலாளி மோகன்குமார், கம்பெனி அனுப்புவதைத்தான் விற்கிறேன், அவர்களைக் கேளுங்கள் என்று டியூப்பில் இருந்த நம்பருக்கே போன் போட்டுக் கொடுத்தார். எங்கள் பொருள் விதிமுறைக்கு உட்பட்டது என்று ஒரு பெண் குரல் இனிக்க இனிக்கச் சொன்னது.

"ஏரில ஒரு கவர் பறந்து வுழுந்தா எங்கள நிக்க வெச்சி திட்றாங்க. டியூப்ல அடைச்சி விக்கிற உங்கள யாரும்மா கேட்டாங்க? சினைனு நெனச்சி என் கையாலயே ஏரிக்கு ஊட்ட வெச்சிட்டீங்களே."

புகாரைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லி அந்தக் குரல் போனை வைத்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஐஸ்வர்யா அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் முகத்துக்கு நேரே அதே டியூப்கள் வரிசையாக இருந்தன.

அடுத்த நாளும் அமுதவல்லி ஏரியில் இறங்கினாள், கரையேறினாள், பறியைக் கவிழ்த்தாள். பாசியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. திருப்பி விடுவதா, வீசுவதா? ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து அழுத்தினாள். கல் மாதிரி நின்றது. இன்னொன்றை அழுத்தினாள். அது பட்டென்று உடைந்து நகத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.