கழுவி வந்த இலைகள்

ஓசூரில் ஒரு விதைக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஷரீஃபுன்னிசாவை ‘இலை டாக்டர்’ என்று கேலி செய்வார்கள். காவேரிப்பட்டினத்துப் பெண், தாவரவியல் படித்தவர். விவசாயிகள் கொண்டுவரும் இலைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எந்தப் பூஞ்சை என்று சொல்வது அவர் வேலை. கூட்டம் எப்போதும் இருக்கும்.

2008 மழைக்காலத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து முனிராஜ் வந்தார். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கை முதல்முறையாகப் போட்டிருந்தார். இலை போனால் கிழங்கு பெருக்காது. பெருக்காத கிழங்கை ஆலை எடுக்காது, சந்தையிலும் விற்காது. வேறு பயிர் எதுவும் அவர் வைக்கவில்லை.

ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிய, புள்ளி விழுந்த இலைகள். செர்கோஸ்போரா என்ற பூஞ்சையென்றால் ஊசிபோல் நீண்ட வித்துகள் தெரியும். விட்டால் வயலையே அழித்துவிடும். ஆல்டர்நேரியா என்ற இன்னொரு பூஞ்சையின் வித்துகள் குண்டாந்தடி போலிருக்கும். பெரும்பாலும் முற்றிய இலையோடு நின்றுவிடும். ஷரீஃபுன்னிசா ஊசிகளைத் தேடித்தேடிப் பார்த்தார். எங்கும் குண்டாந்தடிகள்தான். அப்படியே சொன்னார். மருந்து வேண்டாம், பழைய இலையைக் கிள்ளிவிட்டால் போதும் என்று கேட்டு முனிராஜ் நிம்மதியாகப் போனார்.

மாதம் முடிவதற்குள் முனிராஜிடமிருந்து போன் வந்தது. ஷரீஃபுன்னிசாவே பஸ் ஏறிப் போனார். வயலில் குருத்து மட்டும்தான் பச்சை. கருகிய இலை ஒன்றைக் கைலென்ஸில் பார்த்தார். சாம்பல் நிறப் புள்ளி, செம்பழுப்பு ஓரம், நடுவே பொடிப்பொடியாய்க் கறுப்பு. செர்கோஸ்போராவேதான்.

அன்றைக்கு இலையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

“சந்தைக்குக் கீரை கட்டற மாதிரிதான் மேடம். மண்ணோட எப்படிங்க உங்க மேசையில வெக்கறது? மொத நாளே தொட்டியில நல்லா அலசிக் கட்டி வெச்சுட்டேன்.”

அலசியதில் ஊசிகள் போய்விட்டன. இரவெல்லாம் ஈரப்பையில் கிடந்த இலையில் வேறு பூஞ்சை வளர்ந்திருக்கிறது. இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் ஷரீஃபுன்னிசா மறைக்காமல் சொன்னார்.

முனிராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. “அப்போ நீங்க பாத்தது எங்க வயலு நோவே இல்லீங்களா?”

“இல்லண்ணா. பையில வளந்தது.”

“இப்போ மருந்து அடிச்சா?”

ஷரீஃபுன்னிசா ஒரு கிழங்கைப் பிடுங்கினார். விரல் தடிமன்கூட இல்லை.

“பிரயோஜனம் இல்லண்ணா.”

முனிராஜ் போய் மாட்டை அவிழ்த்து வந்து வயலுக்குள் மேய விட்டார்.