தமக்காகக் கேட்காத வியாகப்பன்

என் மருமகன் வியாகப்பன் கொழும்பில் காலமான செய்தி போன திங்கட்கிழமை தந்தியாக வந்தது. "படிச்சுச் சொல்லட்டுமா ஆச்சி?" என்று தபால்காரர் கேட்டார். கன்னியர் மடத்தில் ஆங்கிலம் படித்தவள் நான். நானே வாங்கிப் படித்தேன். விஷக்காய்ச்சல், மறுநாள் காலை அடக்கம் என்று இருந்தது. இந்தத் துறைமுக ஊரில் அவரைப் பலருக்குத் தெரியும். மனைவி சாகும்போது பக்கத்தில் இல்லாத கணவன் என்று மட்டும் தெரிந்தவர்களும் உண்டு. அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லாததால் நான் எழுதுகிறேன். இருந்ததற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டேன்.

முதலில் அவர் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாகத்தான் கொழும்புக்குப் போனார். யுத்த காலத்தில் அங்குள்ள விமானத் தளத்துக்கு மாறினார். பட்டாளம் போனபின், சுதந்திரம் பெறவிருந்த அந்தச் சின்னத் தீவு தனக்கென்று ஒரு விமானக் கம்பெனி தொடங்கியது. யுத்தத்தில் ஓடிய பழைய விமானங்கள் சிலவற்றுக்கு வர்ணம் பூசி, அந்நாட்டு ராணிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் வியாகப்பனும் ஒருவர். பயணிகளை எடை பார்ப்பது அவர் வேலை. பெட்டிகளை மட்டுமல்ல, ஆட்களையும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். "பருத்திப் பொதியா மனுஷர்?" என்று கேட்டேன்.

"தோணில பாரம் கூடிப்போனா நடுக்கடல்ல எதையாவது எறிஞ்சிட்டு வந்துரலாம் மாமி. ஆகாசத்துல போய் எதை எறிய?" என்றார்.

அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அது அடிக்கடி நடப்பதல்ல.

அந்த விமானத்தில் திருச்சிராப்பள்ளிக்குப் பறந்து வந்து, இரவு ரயிலில் ஊர் வந்து சேர நம்மவர்கள் பழகிக்கொண்டார்கள். பெட்டியில் இருந்தால்தான் பாரம், உடம்பில் இருந்தால் பாரமில்லை என்பது கப்பலில் போய்வந்தவர்களின் எண்ணம். குலசேகரன்பட்டினத்து வியாபாரி பால்வண்ணத்துக்குக் கொழும்பில் மளிகைக்கடை. அவர் மனைவி புடவைமேல் புடவையாகச் சுற்றி, மடியில் வெண்கலச் சாமான்களையும் கட்டிக்கொண்டு தராசில் ஏறினாராம். அதை வியாகப்பன் ஒரு கிறிஸ்துமஸ் அன்று எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"மதினி ஏறினதும் முள்ளு ஓடுதே அண்ணாச்சி?"

"அவ உடம்பு வாகு அப்படி தம்பி."

"போன மாசம் பாதிதான இருந்தாக?"

"கொழும்புத் தண்ணி ஒத்துக்கிட்டு வே."

"தண்ணி மடியில கலகலன்னு சத்தம் போடுமோ?"

என் மகள் பிலோமினா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர்கள் இருவரும் என் வீட்டில் சேர்ந்திருந்த கடைசிக் கிறிஸ்துமஸ் அது.

அவர் கேட்கத் தெரியாதவர் அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த, எங்கள் ஊருக்குப் பக்கத்து மாப்பிள்ளையூரணிக்காரர் ஒருவருக்கு, மகன் சாகக் கிடப்பதாகச் செய்தி போயிற்று. அன்றைய விமானத்தில் இருக்கை இருந்தது. எடை மீதி இல்லை. வியாகப்பன் ஒவ்வொரு பயணியிடமும் போய், "சாகக் கெடக்கிற பிள்ளையப் பாக்கப் போற மனுசன். உங்க பொட்டி மட்டும் நாளைக்கு வரட்டும்யா, நான் பொறுப்பு" என்று கேட்டார். ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கமே போய் நின்று கேட்டு, பெட்டியை இறக்க வைத்தார். அந்த மாப்பிள்ளையூரணிக்காரர் பிறகு ஒருநாள் என் வாசலுக்கு வந்தார். "போற உசுரு என்னப் பாத்துட்டுத்தான் போச்சு ஆச்சி. உங்க மாப்பிள்ளைட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே போய்விட்டார்.

பிலோமினா பேறுகாலத்துக்கு என்னிடம் வந்தாள். பிள்ளை தங்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் கையை விரித்ததும் கொழும்புக்குத் தந்தி கொடுத்தேன். இருக்கையும் எடையும் மீதி இருந்தால் கம்பெனி ஆட்கள் இலவசமாக வரலாம். அவர் மறுநாள் காலை ரயிலில் வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

ரயில் வந்தது. அவர் வரவில்லை. அதே ரயிலில் இறங்கிய பால்வண்ணம் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"உங்க மாப்பிள்ளைக்கு என்ன வெசனம் ஆச்சி? நேத்து எல்லாரையும் நிறுத்துட்டு, கடைசியா அவரே தராசுல ஏறி நின்னாரு. முள்ளப் பாத்தாரு. பேசாம எறங்கிப் பையத் தூக்கிட்டாரு. மூட்டை ஏத்துற ஆளு, 'எழுதுறது நீங்கதான, யாரு பாக்கப் போறா, ஏறுங்க'ன்னான். அவன் சொன்னதையும் கேக்கலை. ஒரு சீட்டு காலியாவே வந்துச்சு."

உள்ளே என் மகள் கிடக்கும் நிலையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பொட்டிய எறக்கிப் போட்டிருப்பேனே! பாத்திரமும் சேலையுந்தான ஆச்சி அதுல!"

"வந்துட்டாகளா?" என்று பிலோமினா கேட்டாள். நோயாளியிடம் பொய் சொல்லலாம் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"தராசு விட்டிருக்காதும்மா" என்றாள். வெகுநேரம் கழித்துச் சுவர்ப்பக்கம் திரும்பி, "கேட்டிருக்கலாம்லா" என்றாள். கோவிலில் நடுப்பகல் மணி அடிக்கும்முன் போய்விட்டாள்.

மன்னார் வழியாகப் படகும் ரயிலும் மாறி அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு, பிறகு வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"சீட்டு காலியா இருந்துச்சாமே மாப்பிள்ளை?"

"இருந்துச்சு மாமி."

"ஊரான் ஒருத்தனுக்காக வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரா நின்னீங்க. இதுக்கு ஒரு வார்த்தை கேக்க முடியலையா?"

"அது அடுத்தவனுக்கு மாமி. எனக்குன்னு கேக்க வாய் வரலை."

"உங்களுக்கு இல்லை. அவளுக்கு."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவருக்கு அப்படித் தோன்றவே இல்லை என்பதை அந்த முகத்தில் கண்டேன். அதைவிடக் கொடிய ஒன்றை நான் இன்றுவரை எந்த முகத்திலும் காணவில்லை. அவள் சொன்ன இரண்டையும் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

"ரெண்டாவது சொன்னதுதான் கடைசியாச் சொன்னதா மாமி?"

"ஆமா."

"அப்ப அதுதான்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதே வேலைக்குத்தான் திரும்பிப் போனார். அவரை நேர்மையானவர் என்று சிலரும், கல்நெஞ்சன் என்று சிலரும் இந்த ஊரில் பேசினார்கள். பேசியவர்களில் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அதன்பின் அவர் ஒரே ஒருமுறை வந்தார், உட்காரச் சொன்னேன். "இப்பல்லாம் தராசுல நிக்கிறவங்க மொகத்தப் பாக்கிறதில்ல மாமி. முள்ள மட்டுந்தான் பாக்கேன்" என்றார். அவரைக் கொண்டுபோன காய்ச்சல், அவர் என்னை நிமிர்ந்து பார்த்த அன்றே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

தந்தி வந்த அன்று கறுப்புச் சேலையை உடுத்திக்கொண்டு கப்பல் அலுவலகத்துக்குப் போனேன். என் கணவர் இறந்து இத்தனை வருஷத்தில் எவரிடமும் எதையும் நான் கேட்டதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று கேட்டேன். கப்பல் இல்லை என்றார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணிக்காரரிடம் போய்க் கேட்டேன். "காத்து சரியில்ல ஆச்சி. பொம்பளைய ஏத்துறதும் இல்ல" என்றார். துறைமுக அதிகாரியின் வாசலிலும் போய் நின்றேன். அவர் என் வயதைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் காலை அடக்கத்துக்கு எந்த வழியிலும் போய்ச் சேர முடியாது என்று எனக்கே தெரியும்.

வியாகப்பனின் நேர்மையை நான் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது என்னிடம் முன்பே உண்டு. கிடைக்காது என்று தெரிந்தும், என் வீட்டுச் சாவுக்காக வாசல் வாசலாக நின்று கேட்டேனே, அதுதான் அவரால் எனக்கு வந்தது.