இணைச்சீருக்கு வராத அக்கா

கொரோனா இரண்டாவது முறையாகப் பரவிக்கொண்டிருந்த கோடையில், ஒரு சனிக்கிழமை, என் மனைவி வேலை முடிந்து வந்தவள் வீட்டுக்குள் நுழையாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அவளோடு தினமும் மதியச் சாப்பாடு சாப்பிடும் இன்னொரு நர்சுக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை காங்கேயம் பக்கத்தில், அவள் பிறந்த ஊரில், அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம்.

மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். முகக்கவசம் இல்லாமல் நோயாளியோடு இருந்தது கால் மணி நேரத்துக்கு மேலா, கீழா என்று அதில் ஒரு கேள்வி. சாப்பிடும்போது கடிகாரம் பார்க்கவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அதற்கென்று அங்கே கட்டம் இல்லை. பொறுப்பில் இருந்தவர் 'ஆபத்து குறைவு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பிறகு போனில் வந்த செய்தி இரண்டே வரிதான். அறிகுறி இல்லாதவரை வழக்கம்போல வேலைக்கு வரவும். குடும்ப விசேஷங்களைத் தவிர்க்கவும்.

நான் அந்த இரண்டு வரிகளையும் பலமுறை படித்தேன். வாக்கியத்தில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். தனித்தனியாக இரண்டிலும் பிழை இல்லை. தொற்று நோயாளிகளைப் பார்க்கும் ஊழியர்களுக்குப் பணி முடிந்ததும் தனிமை உண்டு என்ற செய்தியை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களைக் குறைத்த செய்தியையும், அறிகுறி வந்தால் மட்டும் போதும் என்ற செய்தியையும் நான்தான் அனுப்பினேன். ஒவ்வொன்றும் அன்றைக்குச் சரியாகத்தான் தெரிந்தது.

அவள் முன்னறைக்குக் குடிபோனாள். தட்டும் தம்ளரும் தனியாயின. டவுன் பஸ்ஸில் போனால் யாருக்காவது ஒட்டிவிடும் என்று பயந்ததால், தினமும் நானே பைக்கில் கொண்டுபோய் விட்டேன். இருவரும் முகக்கவசம் போட்டிருந்தோம்.

எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கையோ இணைச்சீர் செய்ய வேண்டும். கல்யாணப் பெண்ணைப் போலவே அலங்காரம் செய்துகொண்டு, கூறைச்சேலையின் ஒரு முனையைச் சகோதரி பிடிப்பாள். மறு முனை மாப்பிள்ளை கையில் இருக்கும். அதன் பிறகுதான் தாலி. ஒரே அக்கா என்பதால், அன்றைக்கு உடுத்தும் சேலைக்கு என் மனைவி மூன்று கடை ஏறி இறங்கி ரவிக்கைத் துணி எடுத்துத் தைத்து வைத்திருந்தாள்.

மாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை.

"டூட்டிக்குப் போலாம்னு அவிகளே சொல்லீட்டாங்கல்ல? அப்பறம் தம்பி கல்யாணத்துக்கு வரக்கூடாதுன்னா என்ன கண்ணு அர்த்தம்?"

சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் பக்கத்தில் இருந்தார் போல. போனை வாங்கி அவர் ஒரு யோசனை சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, கூறைச்சேலைய முழுசா விரிச்சுப் போட்டா நீங்க ஒரு மொனையில, தம்பி ஒரு மொனையில நிக்கலாமுங்க. டிவியில சொல்ற தூரத்த விட அது சாஸ்திங்க."

முன்னறையில் அவள் சிரிப்பது கேட்டது. வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் இல்லை. அவள் பயந்தது அப்பாவுக்கு. மாமனாருக்கு அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை செய்துகொண்டாள். தொற்று இல்லை என்று மறுநாள் காலை முடிவு வந்தது. நான் நிம்மதியாகக் காப்பி போட்டேன். அவளோ, இவ்வளவு சீக்கிரம் எடுத்தால் தெரியாமலும் போகலாம் என்றாள். அப்படியானால் ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். தன் தம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் போனாள். ஆனாலும் மதியத்துக்குள் சேலையைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. வார்டில் இன்னும் இரண்டு நர்சுகள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். நாளைக்கு லீவ் கொடுத்திருக்கிறோம், வரச்சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் வர முடியுமா என்று கண்காணிப்பாளர் கேட்டார். சற்று நேரத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. எங்க போனாத் தப்பு கம்மி?"

உனக்குத் தெரியாததா என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. எனக்குத் தெரியாததை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் மொகத்த மூடிட்டு இருப்பாங்க. ஊட்டுல அப்பா மாஸ்க் போட மாட்டாரு," என்றாள். பிறகு, "வார்டுல படுத்திருக்கறவீகளும் அப்பா வயசுதான்," என்றாள். இரண்டாவதாகச் சொன்னது முதலாவதற்கு ஆதரவா, எதிர்ப்பா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து, வருவதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவளை வார்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் பல்லடம் வழியாகக் கல்யாணத்துக்குப் போனேன். வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளையின் பெரியப்பா மகள் இணைச்சீர் செய்தாள். நான் கொண்டுபோயிருந்த என் மனைவியின் ரவிக்கை அவளுக்குத் தோளில் பிடித்தது. அக்கா வராததைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. ஊரான் உடம்பைத் தொடலாம், தம்பி கையைத் தொடக்கூடாதா என்றார் ஒரு பாட்டி. வராமல் இருந்ததுதான் படித்த பிள்ளைக்கு அழகு என்றார் இன்னொருவர். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

பந்தியில் மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மகள் இல்லாத குறைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். காது சரியாகக் கேட்காததால் முகத்தை என் அருகில் கொண்டுவந்தார். இரண்டாவது முறை ரசம் ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாட்களாக அவளைப் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டியவன் நான். ஒட்டிவிடும் என்று அவள் வராமல் நின்றுகொண்டாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன். சரியாகவே சாப்பிடவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார்.

மாலையில் அவளிடம் கல்யாணத்தைப் பற்றி வரிசையாகச் சொன்னேன். பந்தி வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா பக்கத்துல யாரு ஒக்காந்தாங்க?"

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காலண்டரைப் பார்த்து விரலால் நாள் எண்ணினாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அப்பாவுக்குப் போன் செய்து, சளி இருக்கிறதா, காப்பி வாசம் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் தெரிகிறது என்று சொல்லும்வரை நான் அறை வாசலிலேயே நிற்பேன்.

மாமனாருக்கு ஒன்றும் வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை. நாங்கள் செய்தது சரியாக இருந்ததாலா, வெறுமனே தப்பித்தோமா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பத்தாவது நாள் அவர் என்னைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னார்.

"மாப்ள, கல்யாணத்துக்குத்தான் வரல. எதுக்குங்க தெனமும் என்ற காப்பிய விசாரிக்கறா?"

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.