மாப்பிள்ளைப் படத்தில் நின்ற கட்டடம்

எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாசிகள் கட்டியது என்று தெரிந்த பிறகும் பிடிக்கும். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கனடாவுக்கு வருவதற்கு முன், எண்பதுகளின் நடுப்பகுதியில், நான் மேற்கு பேர்லினில் அகதியாக இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமில் ஒரு அறைக்குள் ஆறேழு பேர். பகல் முழுக்க நடப்போம். நடந்து நடந்து கடைசியில் ஒரு சதுக்கத்தில் போய் நிற்போம். அரைவட்டமாகச் சாம்பல் நிறக் கற்கட்டடங்கள். ஜன்னல் எல்லாம் ஒரே அளவு, ஆமிக்காரன் வரிசையில் நிற்பதுபோல. உள்ளே நகர நிர்வாகத்தின் அலுவலகங்கள். தூண்களுக்குக் கீழே மழை படாது. எங்களை யாரும் கலைக்கவும் மாட்டார்கள். அங்கே நின்று பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவோம். வார முடிவில் பக்கத்தில் பழைய சாமான் சந்தை கூடும். என் முதல் குளிர்கோட்டு அந்தச் சந்தையில் வாங்கியதுதான். முந்திப் போட்டிருந்தவனின் சுருட்டு மணம் கடைசிவரை அதைவிட்டுப் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் அரச செயலகத்தைக் கச்சேரி என்போம். ஒரு கட்டடம் பெரிதாக, சிரிக்காத முகத்தோடு நின்றால் எங்களுக்கு அது கச்சேரிதான். அதற்கும் அந்தப் பெயரையே வைத்தோம். "கச்சேரியடியில சந்திப்பம்" என்றால் முகாமில் எல்லாருக்கும் விளங்கும். யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஒருவனும் கேட்கவில்லை. கச்சேரியை யாராவது அப்படிக் கேட்பார்களா?

என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு வீட்டில் கலியாணம் பேசினார்கள். படம் அனுப்பச் சொன்னார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை படம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு முறை உண்டு. எவனோ ஒருவனுடைய காரில் சாய்ந்து நின்று எடுப்பது. நான்தான் தடுத்தேன்.

"எல்லாரும் காரோட நிக்கிறாங்கள். நீ கச்சேரியோட நில்லு மச்சான். அரசாங்க உத்தியோகம் எண்டு அவையளே நினைப்பினம். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை."

"உள்ளுக்க இருந்து ஆரும் வந்து கலைச்சா?"

"கலைச்சா ஓடு. ஓடுறதையும் எடுக்கிறன்."

என் கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் நின்றான். எடுத்தேன். பெண் வீட்டார் ஓம் என்றார்கள். மாமனார் ஊர் முழுக்க, மருமகன் ஜேர்மனியில் அரசாங்கத்தில் என்று சொல்லித் திரிந்தாராம்.

பிறகு நானும் அவனும் முன்பின்னாகக் கனடா வந்து சேர்ந்தோம். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். அந்தப் பெண் வந்து, கலியாணம் நடந்து, ஒரு மகளும் பிறந்தாள். இருவரும் வேலைக்குப் போனால்தான் வாடகை. அவள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பகல் வேலை. குழந்தையை நான்காம் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான யூதப் பெண் பார்த்துக்கொண்டார். காலையில் மேலே எட்டாம் மாடிக்கு, அவர்கள் வீட்டுக்கு வருவார், பின்னேரம் போவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பார். எங்கள் ரசம் அவருக்குப் பிடிக்கும், எங்கள் தேநீர் பிடிக்காது. அந்த வீட்டில் அவர் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

கலியாண நாளுக்கு மனைவியை அசத்த நினைத்த என் நண்பன், அந்தப் பழைய படத்தைக் கடையில் கொடுத்துப் பெருப்பித்து, கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தூணும் படியும் ஜன்னல்களும் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன.

அடுத்த திங்கட்கிழமை காலை அந்த அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். குழந்தையைத் தாயின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

நண்பனின் மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள்தானே எடுத்த படம். உங்களுக்கு அந்த ஊரில வேற கட்டடம் கிடைக்கேல்லையோ?"

"என்ன நடந்தது?"

"அது நாசிக் கட்டடமாம். கீழ போய்த் தட்டினா, அந்த அம்மா கதவைத் திறக்காமல் உள்ளுக்க நிண்டு சொல்லுறா. இண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்ல. இன்னும் ரெண்டு நாள் வராட்டி வேற ஆளைப் போடுவன் எண்டு சுப்பர்வைசர் சொல்லிப்போட்டான். நீங்கள் போய்க் கதையுங்கோ. இவரை அனுப்பினா இவர் சண்டை பிடிச்சுக்கொண்டு வருவார்."

சண்டை பிடிப்பதில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. அவளுக்கு அது தெரியாது.

நான்காம் மாடிக்குப் போனேன். எனக்குக் கதவைத் திறந்தார். இருக்கச் சொல்லவில்லை. நாங்கள் பேசியது ஆங்கிலம்.

"எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதை ஒரு அரச அலுவலகம் என்று நினைத்தோம்" என்றேன்.

"அது அரச அலுவலகம்தான். அதுதான் பிரச்சினை" என்றார்.

அவர் பேர்லினில் பிறந்தவர். அதுவரை போலந்துக்காரி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நாட்டைவிட்டு வெளியேறப் பத்திரம் கேட்டு அவருடைய அப்பா ஒரு அலுவலகத்துக்குப் போனாராம். சிறுமியான இவரை வெளியே தூணடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனவர், தொப்பி இல்லாமல் திரும்பி வந்தாராம். உள்ளே விட்டுவிட்டு வந்த தொப்பியை எடுக்கத் திரும்பிப் போகப் பயம். வெறுந்தலையோடு மழையில் வீட்டுக்கு நடந்தார்கள். பத்திரம் கிடைக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் இவரை மட்டும் பிள்ளைகளோடு பிள்ளையாக இங்கிலாந்துக்கு ரயில் ஏற்றினார்கள். அப்பாவை அதன் பிறகு காணவில்லை.

"இந்தத் தூண்தானா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய கட்டடங்கள் எல்லாம் ஒரே முகம். நான் நின்ற வாசலுக்கு மேலே கல்லில் ஒரு கழுகு இருந்தது. தெருவின் பெயர் நினைவிருக்கிறது." பெயரைச் சொன்னார். "நீ அங்கே இருந்தவன்தானே. இப்போது அங்கே என்ன இருக்கிறது?"

நான் இருந்த காலத்தில் அந்தத் தெரு பேர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கில். நான் அங்கே போனதே இல்லை. சும்மா எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் புளுக வரவில்லை.

எங்களோடு முகாமில் இருந்து அங்கேயே தங்கிவிட்ட ஒருவன் பேர்லினில் பீட்சா கொடுத்துத் திரிந்தான். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"விசரே உனக்கு? கழுகு இருக்கோ எண்டு பாக்க நான் போகவோ?"

"போடா. இஞ்ச ஒரு குழந்தையின்ர தாய் வேலைக்குப் போகேலாமல் நிக்கிறாள்."

போனான். மறுநாள் அவனே எடுத்தான்.

"மச்சான், எங்கட கச்சேரி அப்பிடியே நிக்குது. ஒரு கல்லும் கழரேல்ல. உள்ளுக்க இப்பவும் அரசாங்கக் கந்தோர்தான், சனம் நம்பர் துண்டோட குந்தியிருக்கு. சந்தையும் நடக்குது. உனக்குக் கோட்டு வித்த கிழவன்தான் இல்லை."

"அந்தத் தெரு?"

"அங்க ஒண்டும் இல்லை. சுவர் நிண்ட இடமெல்லாம் புல்லு. ஒரு பக்கம் பிளாட் கட்டியிருக்கிறாங்கள், அதுக்கு முன்னால கார் பார்க். சின்னப் பிள்ளையள் சைக்கிள் ஓடுதுகள். கொஞ்சம் தள்ளி நாசிகளின்ர விமான மந்திரி இருந்த பெரிய கட்டடம் மட்டும் நிக்குது. அதுக்குள்ளயும் ஏதோ மந்திரி வரப்போறாராம். கழுகு ஒண்டையும் நான் காணேல்ல."

கேட்டுக்கொண்டிருக்க எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் நூலகத்தை எரித்தார்கள். நிஜக் கச்சேரி குண்டில் சிதைந்து கிடந்தது. கொலைகாரர் கட்டியதில் பாதி ஒரு கல்லும் பெயராமல் நின்று மந்திரிக்குக் காத்திருக்கிறது. அதே நேரம், எங்கள் தூண்கள் இன்னும் நிற்கின்றன என்றதும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அது இன்னும் கோபம். அந்த மழை, அந்த வாழைப்பழம், எங்களுடைய இருபத்தைந்து வயது, எல்லாம் அந்தத் தூணடியில்தான் கிடந்தன. வேறு இடத்தில் எங்களை நிற்க விட்டார்களா?

கீழே போய் அந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"என்னுடையது இல்லையா?" என்றார்.

"இல்லை. கார் பார்க்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒருநாள் போய் அந்த வாசலில் துப்ப வேண்டும் என்று இருந்தேன். என்னுடையதை இடித்துவிட்டார்கள். உன்னுடையது நிற்கிறது" என்றார். பிறகு, "நாளைக்குக் குழந்தையை இங்கே கொண்டுவரச் சொல். நான் மேலே வர மாட்டேன்" என்றார்.

நண்பனின் மனைவியின் வேலை தப்பியது. நான் மேலே போய் நண்பனிடம் சொன்னேன்.

"உதைக் கழட்டு."

"ஏன் கழட்ட? அவவின்ர கட்டடம் இது இல்லைத்தானே. கார் பார்க் எண்டு நீயே சொல்லுறாய்."

"அண்ணை சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"நீ என்னைக் கட்டினதே உந்தப் படத்தாலதான். அதைக் கழட்டினா எங்கட கலியாணத்துக்கு என்ன சாட்சி?"

"சாட்சி அங்க தவழுது, தெரியேல்லையோ?"

அவன் கழற்றவில்லை. எனக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு பெரிதாகி, கொஞ்ச நாள் பேச்சும் இல்லை. ஆனால் என் மனதுக்குள் நான் அவன் பக்கம்தான். கழற்றச் சொன்ன வாயாலேயே, கழற்றிவிடாதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அவள் குழந்தையையும் பால் போத்தலையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் நான்காம் மாடிக்கு இறங்குவாள். குளிர்காலம், கோடைகாலம், எப்போதும் அப்படித்தான். ரசத்தையும் அவள்தான் கீழே கொண்டுபோனாள். அந்த அம்மா குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எட்டாம் மாடிக்கு ஒருநாளும் வரவில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். "கேக்கைக் கீழே அனுப்பு" என்றார்.

தொண்ணூறுகள் முடியும்போது அவர்கள் பிக்கரிங்கில் வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சும் நாளுக்கு அந்த அம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள் நண்பனின் மனைவி. நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க என் கார் ஓட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். கழுத்தை நீட்டி ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். புதுப் பெயின்ட். ஒன்றும் மாட்டவில்லை.

"எங்கே அது?" என்று என் நண்பனைக் கேட்டார்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேஸ்மன்ட்டில். எறிய மனம் வரவில்லை. பார்க்கிறீர்களா?" என்றான் ஆங்கிலத்தில்.

"நான் படி இறங்க மாட்டேன். முழங்கால் நோ" என்றார் அந்த அம்மா. மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய தோளைப் பிடித்துக் குனிந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், உள்ளே போனார்.